நிலையில் சாய்ந்து நின்ற மெசூசா

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கலியாண அழைப்புக் காட்டைத் தபாலில் போடலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஆனால் நெருங்கிய சொந்தத்துக்கு வீடு தேடிப் போய் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாத வீட்டார் வரமாட்டார்கள். ஏன் வரவில்லை என்று பிறகு கேட்கவும் முடியாது. மகள் ஆரணியின் கலியாணத்துக்காக ரொறொன்ரோவில் நாற்பது வீடு ஏறி இறங்கி முடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடு. அது இத்தாலியில், பலேர்மோவில் இருந்தது.

அந்த வீட்டில் வேலைக்கு நிற்பவர் என் அக்கா, புவனம். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நாங்கள் இருவரும் கதைத்துப் பதினொரு வருடம்.

அப்பா யாழ்ப்பாணத்தில் செத்தபோது நான் ரொறொன்ரோவில் இருந்து போய்ச் சேர்ந்தேன். அக்கா வரவில்லை. அவர் பார்த்துக்கொள்ளும் கிழவி அந்தக் கிழமைதான் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாராம், விட்டுவிட்டு வர ஆளில்லையாம். செத்தவீட்டுக் கொட்டகைக்குக் கீழே நின்றுகொண்டு, சனம் எல்லாம் கேட்க ஃபோனில் கத்தினேன்: "ஆரோ ஒரு வெள்ளைக் கிழவிக்குப் பீ மூத்திரம் அள்ளுறது அப்பாவை விடப் பெரிசாப் போச்சோ?" அக்கா ஒரு சொல்லும் சொல்லாமல் வைத்துவிட்டார். பிறகு நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

இப்போது அந்தக் கிழவியின் வாசலுக்குத்தான் கலியாணம் சொல்லப் போகிறேன். "வாட்ஸ்அப்பிலை ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கோவன்" என்று மனைவி சொன்னாள். அக்காவுக்கு அது காணாது என்று எனக்குத் தெரியும்.

முதல் நாள் மத்தியானம் ஒரேத்தோ தெருப் பக்கத்தில் மரியதாஸ் என்பவரின் வீட்டில் அறை எடுத்தேன். மன்னார் ஆள், நாற்பத்தைந்து வயது இருக்கும், காலையில் மூன்று வீடுகளில் துப்புரவு வேலை. அக்காவைத் தெரிந்தவர் என்பதால்தான் அவரைப் பிடித்தேன். வந்த உடனே சோறும் மீன் குழம்பும் வைத்தார். குழம்பில் எங்கள் தூள்தான், மீன் மட்டும் இந்தக் கடல் மீன்.

"அக்காட்டைச் சொல்லிப் போட்டே வந்தனீங்கள், அண்ணை?" என்று கேட்டார்.

"இல்லைத் தம்பி. சொன்னா வேண்டாம் எண்டிடுவா."

மரியதாஸ் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஆம் என்றாரா, உருப்படாது என்றாரா, தெரியவில்லை.

அக்கா நிற்கும் வீடு கபோச் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில். அன்று பின்னேரமே போனேன். சந்தைக்காரர்கள் கத்துகிற கத்தலில் எனக்கு ஒரு நிமிடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் நிற்கிற நினைப்பு வந்துவிட்டது. வாள்மீனின் தலையைக் கூரான மூக்கோடு அப்படியே நிமிர்த்தி வைத்திருந்தார்கள். ஒருவர் தக்காளிப்பழத்தைத் தூக்கிக் காட்டி என்னிடம் என்னவோ சொன்னார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கீழ்வாசல் மணியை அழுத்தினேன். சின்ன ஒலிபெருக்கியில் "கீ ஏ?" என்று ஒரு குரல். ஆர் அது என்று கேட்கிறது. பாஷை மாறினாலும் குரல் மாறவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரம் போகுது என்று என்னைக் கூப்பிட்ட அதே குரல். தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. இன்னொரு தரம் "கீ ஏ?" என்று கேட்டது. பிறகு டிக் என்று நின்றுவிட்டது. ஐம்பத்தெட்டு வயது ஆள், மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிறவன், மணி அடித்துவிட்டு ஓடுகிற பொடியன் மாதிரி அந்தச் சந்தில் இருந்து வெளியே நடந்தேன்.

பசித்தது. மூலையில் பனெல்லே விற்றார்கள். கடலை மாவைத் தட்டையாகத் தட்டிப் பொரித்து, பாணுக்குள் வைத்து, தேசிக்காய் பிழிந்து தருகிற சாமான். நல்ல ருசி, கொஞ்சம் மிளகாய் கிடந்தால் எங்கள் வடைதான். ஆனால் இந்த ஊரில் ஒருவரும் தனியாகச் சாப்பிடுவதில்லை. நின்றபடி, கையை வீசிக் கதைத்துக்கொண்டு, ஒருவர் பாணை மற்றவர் கடித்துக்கொண்டு. ஸ்காபரோவில் காருக்குள் இருந்து தனியாகச் சாப்பிட்டால் ஆருக்கும் தெரியாது. இங்கே சுவரோடு ஒட்டி நின்று சாப்பிட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் துணிந்து புறப்பட்டேன். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆரோ ஒரு புண்ணியவான் தெருவின் நடுவில் சின்னக் காரை நிறுத்திவிட்டுக் கோப்பி குடிக்கப் போயிருந்தார். சாரதி ஹோர்னை அழுத்திப் பிடித்தார். பஸ்ஸில் இருந்த பெண்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திட்டினார்கள். கடைசியில் நாலு ஆம்பிளைகள் இறங்கி, காரைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி ஓரமாக வைத்தார்கள். கனடாவில் என்றால் பொலிஸ் வந்து, படிவம் நிரப்பி, எல்லாரும் மன்னிப்புக் கேட்டு முடிய மத்தியானம் ஆகியிருக்கும்.

அந்த இடைவெளியில்தான் பக்கத்தில் இருந்த ஆள் என்னிடம் கதை கொடுத்தார். கப்பலில் வேலை பார்த்தவராம், ஆங்கிலம் கொஞ்சம் வந்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேலை தேடுகிறாயா? என் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தமிழர்கள் பொறுமையானவர்கள்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் கனடாக்காரன், சொந்தமாகத் தொழில் செய்கிறவன், முப்பது வருடமாக வீடுகளுக்கு ரைல்ஸ் பதிக்கிறவன் என்று பொரிந்து தள்ளினேன். அவர் ஒன்றும் குறையாக நினைக்கவில்லை. "ஆ, நல்லது. உனக்குத் தெரிந்த ஆட்கள் இருந்தால் சொல்" என்று பெயரைத் துண்டில் எழுதித் தந்தார். இறங்கிய பிறகுதான் யோசித்தேன். அந்த ஆள் என்னைத் தாழ்த்தவில்லை. தன் தாயையே நம்பி ஒப்படைக்கப் பார்த்தார். சுருக்கென்றது எனக்குள் ஏற்கெனவே இருந்த ஒன்று. பதினொரு வருடத்துக்கு முந்தி கொட்டகைக்குக் கீழே கத்தியதும் அதுதான்.

அந்த நினைப்போடு அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாது என்று துறைமுகத்துக்கு நடந்தேன். நேப்பிள்ஸ் போகிற கப்பலில் ஏறக் காத்திருந்த குடும்பங்கள் ஆளை ஆள் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒரு இரவுப் பயணத்துக்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்தேன். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. நான் கனடாவுக்குப் போனபோது வழியனுப்ப வந்த ஒரே ஆள் அக்கா. கப்பல் விலகியபோது எல்லாரும் கை காட்டினார்கள். ஆளில்லாமல் நானும் காட்டினேன்.

பின்னேரம் அறைக்குத் திரும்பினால், மரியதாஸ் வாசலிலேயே நின்றார்.

"அக்கா ஃபோன் எடுத்தவா. நேற்று மணி அடிச்சிட்டு நிண்டது தம்பியோ எண்டு கேட்டவா."

"எப்பிடித் தெரியும்?"

"'தொண்டையைச் செருமிப்போட்டுக் கதைக்காம நிக்கிற ஆள் உலகத்திலை அவன் ஒருத்தன்தான்' எண்டு சொன்னா. வாறதெண்டா நாளைக்குப் பத்து மணிக்கு வரட்டாம். வாயைத் திறந்து கதைக்கட்டாம்."

மரியதாஸ்தான் அந்தக் கிழவியைப் பற்றியும் சொன்னார். யூத மனிசி, தொண்ணூறு தாண்டிவிட்டது. கலியாணம் கட்டி வடக்கில் இருந்து இந்த ஊருக்கு வந்தவர். புருசனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஐந்நூறு வருசத்துக்கு முந்தி இங்கே யூத ஆட்களுக்குப் பெரிய குடியிருப்பே இருந்ததாம், பிறகு அரசன் எல்லாரையும் துரத்திவிட்டானாம். இப்போது அந்தத் தெருக்களின் பெயர்ப்பலகையில் மட்டும் அவர்களின் எழுத்தும் இருக்கிறது. "பலகையிலை எழுத்திருக்கு, வாசிக்கத்தான் ஆக்கள் இல்லை, அண்ணை" என்றார். எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எனக்கு ஞாபகம் வந்தன.

மூன்றாம் நாள். அடுத்த நாள் விடியப் பயணம், இனி ஒத்திப்போட நாளில்லை. பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்க, திறந்து கிடந்த கீழ்வாசலால் ஏறி மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினேன்.

"ஆர்?" என்று உள்ளிருந்து தமிழிலேயே கேட்டது.

"நான்தான், அக்கா."

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. பிறகு, "பொறு. சிஞ்ஞோறாவைக் குளிக்க வாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றது குரல். இத்தாலியில் வீட்டு அம்மாவை அப்படித்தான் சொல்கிறார்கள். அக்கா அதை எங்கள் ஊர்ப் பெயர் மாதிரிச் சொன்னார்.

இருபது நிமிடம் நின்றேன். இருக்க ஒரு கதிரை இல்லை, பார்க்க ஒரு ஜன்னல் இல்லை. இருந்தது ஒன்றுதான். கதவு நிலையின் வலப்பக்கத்தில், தோள் உயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு உலோகக் கூடு. முகப்பில் மூன்று கிளை விட்ட ஒரு எழுத்து. அது நேராக இல்லாமல், தலையை வீட்டுப் பக்கம் நீட்டிச் சாய்ந்து நின்றது. மேலே ஒரு திருகாணி இறுகியிருந்தது. கீழ்த் திருகாணி விழுந்து துளை மட்டும் தெரிந்தது.

வாசிப்பவர்கள் என் தொழிலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கோடு சரிந்து கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கீழ்த் திருகாணி கழன்றதால் சாமான் இடம் பெயர்ந்துவிட்டது, வயதான இரண்டு பெண்கள் இருக்கிற வீடு, செய்துதர ஆளில்லை என்று முடிவு கட்டினேன். பெருவிரலால் அழுத்தித் திருப்ப, கிறீச் என்று வந்தது. மட்டம் பார்க்கும் கருவியை விமானக் கைப்பையில் விடமாட்டார்கள். ஆனால் ஃபோனில் அந்த வசதி உண்டு. ஃபோனை நிலையோடு வைத்துப் பார்த்து, கூட்டை ஒரு நூலளவு திருத்தினேன். பூச்சியம் காட்டியது. மூன்று நாளில் எனக்கு வந்த முதல் சந்தோசம் அது.

கதவு திறந்தது. அக்காவின் தலைமயிர் முழுக்க வெள்ளை, கழுத்தோடு கத்தரித்திருந்தார். முழங்கை வரை ஈரம். அவர் என்னைப் பார்க்கவில்லை. நிலையைப் பார்த்தார்.

"ஆர் இதைத் தொட்டது?"

"சரிஞ்சு கிடந்தது, அக்கா. நேராக்கி விட்டனான்."

"பதினொரு வருசத்துக்குப் பிறகு வாசலுக்கு வாறாய். ஆளைப் பாக்க முந்தி அளவு பாக்கிறாய்." குரல் உயரவில்லை. "அண்டைக்கும் உப்பிடித்தான். உனக்கு எது நேரோ, அதுதான் எல்லாருக்கும் நேர். என்ன, ஏது எண்டு ஒரு சொல்லுக் கேட்டியோ?"

எதிர்வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு மூக்குக் கண்ணாடி எங்களைப் பார்த்தது. "உள்ளுக்கை வா, சனம் பாக்குது" என்றார் அக்கா.

குசினியில் இருத்தி, இஞ்சி போட்ட பிளேன்ரீ தந்தார். சீனி எத்தனை என்று கேட்கவில்லை, சரியாகத்தான் இருந்தது. சிஞ்ஞோறாவுக்குப் பாணைப் பிய்த்துப் பாலில் ஊறவைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அது மெசூசா. உள்ளுக்கை தோலிலை கையாலை எழுதின சுருள் ஒண்டு கிடக்கு, அவையின்ரை வேதத்திலை இருந்து. 'கேள்' எண்டுதான் தொடங்குமாம். வரேக்கையும் போகேக்கையும் தொட்டு, விரலைக் கொஞ்சுவினம். சிஞ்ஞோறாவுக்கு இப்ப கதிரையிலை இருந்து எட்டாது. நான் தொட்டு அவவின்ரை வாயிலை வைக்கிறன்."

"அப்ப ஏன் சரிச்சு வைக்கினம்?"

"முந்தின காலத்திலை ரெண்டு படிச்ச மனிசர். ஒராள் நட்டமா வைக்க வேணும் எண்டாராம். மற்றவர் இல்லை, படுக்கவாட்டிலை எண்டாராம். வேறை ஆரும் இல்லை, அம்மப்பாவும் பேரப்பிள்ளையும். சொந்தத்துக்குள்ளை சண்டை. ஆற்றை சொல்லை விடுறது? கடைசியா, ரெண்டு பேரையும் விடாம, சனம் சரிச்சு வைச்சுது. சில ஊரிலை நேராத்தானாம் வைக்கிறவை. இவவின்ரை தேப்பன்ரை ஊரிலை சரிச்சு." பாலைக் கலக்கினார். "ஆளுக்காள் கொஞ்சம் சரிஞ்சு குடுக்காட்டி வீடு வீடா இராதெண்டு சிஞ்ஞோறா சொல்லுவா. அதை ஒவ்வொரு நாளும் தொட்டு ஞாபகப்படுத்திப் போட்டுத்தான் உள்ளுக்கை வர வேணுமாம்."

நான் ரீக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"வந்த புதிசிலை நானும் ரெண்டு தரம் நேராக்கினனான்" என்றார் அக்கா. "சிஞ்ஞோறா ஒண்டும் சொல்லாமத் திருப்பித் திருப்பிச் சரிச்சு விட்டவா. மூண்டாந் தரம்தான் காரணம் சொன்னவா."

"அப்பா சுவர்ப் படங்களை நேராக்கிற மாதிரி" என்றேன்.

அக்காவின் உதடு கொஞ்சம் அசைந்தது. "ஓம். வேறையாற்றை வீட்டுக்குப் போனாலும் விடமாட்டார்."

எழுந்துபோய்க் கதவைத் திறந்து, கூட்டைத் திரும்பச் சாய்த்தேன். எவ்வளவு என்று கேட்டேன். "கணக்கொண்டும் இல்லை. இன்னும்... இன்னும் கொஞ்சம்... காணும்" என்றார், எனக்குப் பின்னால் நின்று. எத்தனை பாகை என்று அளக்காமல் நான் செய்த முதல் வேலை அது.

பிறகு காட்டை இரண்டு கையாலும் பிடித்து, நாற்பது வீட்டிலும் சொன்ன மாதிரியே சொன்னேன். "வைகாசியிலை ஆரணிக்குக் கலியாணம். அக்கா கட்டாயம் வர வேணும்."

அக்கா கையைத் துடைத்தார், வாங்கவில்லை. "மேசையிலை வை. நான் வரேலாது. சிஞ்ஞோறாவை விட்டிட்டு எப்பிடி வாறது?"

அதே வசனம். பதினொரு வருடத்துக்கு முந்திக் கேட்ட அதே வசனம். எனக்குள் அதே கோபம் கிளம்புவதும் தெரிந்தது. இந்த முறை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை கிடந்துகொண்டு, போ, போ, தகப்பனட்டைப் போ எண்டுதான் அவ சொன்னவா" என்றார் அக்கா. "நான்தான் போகேல்லை. கண் முழிச்சுப் பாக்கேக்கை ஒரு தெரிஞ்ச முகம் இல்லாமக் கிடக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும். இந்த ஊருக்கு வந்த முதல் வருசம் நான் காய்ச்சலிலை கிடந்தனான், பக்கத்திலை இருந்தது அவதான். அப்பாவுக்கு அழாத நாள் இல்லைத் தம்பி. கேக்கத்தான் ஆளில்லை."

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. "பிழை என்னிலைதான் அக்கா" என்றேன். பதினொரு வருடமாகத் தொண்டையில் செருமிக்கொண்டிருந்தது அதுதான் போலிருக்கிறது, சொன்ன பிறகு கதைக்க முடிந்தது. "கலியாணம் முடிய, ஆவணியிலை நான் வாறன். ரெண்டு கிழமை இஞ்சை நிக்கிறன். நீங்கள் ஊருக்குப் போட்டு வாங்கோ. அப்பான்ரை திவசத்தை இந்த முறை நீங்கள் நிண்டு செய்யுங்கோ."

"சிஞ்ஞோறாவை ஆர் பாக்கிறது?"

"நான்."

அக்கா அப்போதுதான் என்னை முழுதாகப் பார்த்தார். பதினொரு வருடமாகப் பொத்தி வைத்திருந்ததை எடுத்து என் முன்னால் வைத்தார். "பீ மூத்திரம் அள்ளுவியோ?"

"அள்ளுறன்."

அந்த நேரம் பார்த்து உள்ளறையில் இருந்து "புவானா!" என்று கூப்பிட்டது. அக்கா எழும்பவில்லை. தன் ரீயை எடுத்து ஒரு மிடறு குடித்தார். இரண்டாம் தரமும் கூப்பிட்டது. அக்கா என்னைப் பார்த்தபடியே இருந்தார். நான் எழும்பினேன்.

ஜன்னலோரக் கட்டிலில், வாரிய ஈரத்தலையோடு சின்ன உருவம். வெள்ளைக் கிழவி என்று நான் கத்தியது இந்த மனிசியைத்தான். என்னைக் கண்டு பயப்படவில்லை. என்னவோ கேட்டார்.

"ஆர் இது, புது ஆளோ எண்டு கேக்கிறா" என்று அக்கா குசினியில் இருந்து மொழிபெயர்த்தார். பிறகு இத்தாலியில் ஒரு சொல் சொன்னார். அது மட்டும் எனக்கு விளங்கியது. தம்பி.

சிஞ்ஞோறா தலையை ஆட்டிவிட்டு, கட்டிலடியைக் காட்டினார். துணி போட்டு மூடிய பெட்பான் சட்டி. குனிந்து எடுத்தேன். கழிப்பறை குசினியைத் தாண்டி இருந்தது. முப்பது வருடமாக மட்டம் பிடித்த கை, ஒரு சொட்டும் சிந்தவில்லை. அக்காவைத் தாண்டிப் போகும்போது அவர் காலை இழுத்து வழி விட்டார்.

ஊற்றிவிட்டு, தண்ணீரைத் திறந்து தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். மேசையில் கலியாணக் காட் உரசுகிற சத்தம். அக்கா உள்ளறைக்குப் போகிற காலடி. பிறகு, சிஞ்ஞோறாவுக்கு வாசித்துக் காட்டுகிற குரல். முதலில் ஒரு வரி தமிழில், பிறகு அது இத்தாலியில். மணமகள் பெயர். என் பெயர். என் மனைவி பெயர். "காலஞ்சென்ற செல்லத்துரை..." என்று தொடங்கி, அப்பாவின் பெயரிலேயே குரல் நின்றுவிட்டது.

நான் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன்.